சும்பா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு என் விளக்கம்

இட்டென்,
செவ்வாய், மாலை

என் மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சித்தப்பாவுக்கு,

முற்றத்தின் இந்தப் பக்கத்திலிருந்து உங்கள் அண்ணன் மகள் ஜெசாங் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலம். நீங்கள் அங்கே நலமாக இருப்பது ஜன்னல் வழியாகவே தெரிகிறது. ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலணியில் ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுவது மரியாதைக் குறைவு. முதலில் அதற்கு என்னை மன்னிக்க வேண்டும். "நாளைக்குக் காலையில வந்து என்ன நடந்துச்சுன்னு நீயே உன் வாயால சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் வந்தால் என்ன ஆகும் என்று நம் இருவருக்கும் தெரியும். கதவோரம் நிற்பேன். "உள்ள வாம்மா" என்பீர்கள். வருவேன். "சொல்லு" என்பீர்கள். "ஒண்ணுமில்ல சித்தப்பா" என்பேன். நீங்கள் ஒரு டீ ஊற்றித் தருவீர்கள், நான் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். பட்டமளிப்பு விழாவில் என் பெயரைக் கூப்பிட்டபோதே நான் எழுந்திருக்கவில்லை, பக்கத்து நாற்காலிப் பெண்தான் என்னைப் பிடித்துத் தள்ளினாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வம்சத்துல முதல் பட்டம், தள்ளிவிட்டாத்தான் வாங்குது" என்று உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் ஆட்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வி, மாரத்தான் ஜெயித்துவிட்டு வந்த சும்பா சனிக்கிழமை விமான நிலையத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது. அதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது, கரும்பலகையிலிருந்துதான் வரவேண்டும். நீங்கள் நடத்தும் ஓட்டப் பயிற்சி முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பலகை மாட்டிக்கொள்ளட்டுமா என்று நான் கேட்டபோது, எதற்கு என்றீர்கள். காலேஜில் படித்த ஊட்டச்சத்து பற்றிப் பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல, என்றேன். அது முழு உண்மை இல்லை. பலகை செருடோவுக்காக மாட்டியது. உங்கள் மகள், என் தங்கை, சரியாகச் சாப்பிடுவதில்லை சித்தப்பா. அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொன்னாலும் அவள் சிரித்து மழுப்பிவிடுவாள், ஆகவே எல்லோருக்கும் பொதுவாக எழுதிப் போட்டால் அவளும் படிப்பாள் என்று நினைத்தேன். எல்லோரும் படித்தார்கள். யார் படிக்கவேண்டுமோ அவள் மட்டும்... சரி, அது பிறகு. முதலில் சும்பா.

முதல் வகுப்பில் நான் சொன்னது மிகச் சாதாரணம். உடம்புக்கு ஓட எரிபொருள் வேண்டும். மாவுச்சத்து சீக்கிரம் எரியும், ஆனால் இருப்பு கொஞ்சம்தான். கொழுப்பு நிதானமாக எரியும், அதன் இருப்பு ஒல்லியான ஆளிடம்கூட நிறைய உண்டு. மெதுவாக ஓடும்போது கொழுப்பு அதிகம் எரியும், வேகம் கூடக்கூட மாவுச்சத்தின் பங்கு கூடும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். தாலம் கையைத் தூக்கினான். பந்தயத்தில் முன்னால் ஓடி மற்றவர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பாதியில் விலகும் ஆள் என்பதால் எதையும் பாதியில் புரிந்துகொள்வான். "அதாவதுக்கா, பெட்ரோலு, டீசலு." பேச்சு முடிந்தால் போதும் என்று நான் தலையாட்டிவிட்டேன். சாயங்காலத்துக்குள் முகாம் இரண்டு கட்சியாகிவிட்டது. மாரத்தான் ஓடுகிறவர்களை, மைதானத்தில் குறைந்த தூரம் ஓடும் பசங்கள் "டேய் டீசலு, மேட்டுல புகை விடாம வா" என்று கத்த, அவர்கள் "போடா பெட்ரோலு, முக்குத் திரும்பறதுக்குள்ள தீந்துடுவே" என்று திருப்பிக் கத்த, பாதிரியார் என்னை நிறுத்தி, முகாமில் பங்க் ஏதும் திறக்கிறீர்களா என்று கேட்டார்.

இரண்டாவது வகுப்பு இன்னும் மோசம். சாப்பிட்ட மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற பெயரில் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும், நீண்ட ஓட்டத்தில் அது தீர்ந்தால் கால் கல்லாகிவிடும், ஆகவே முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக என்றும் சொன்னேன். தாலம் முன்கூட்டியே என்பதை மட்டும் எடுத்துக்கொண்டான். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய மாலை, மூன்று பேருக்குக் கிண்டிய மக்காச்சோளக் களியைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். "டேங்க் ஃபுல்லுக்கா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். மறுநாள் நீங்கள் வண்டியில் முன்னால் போய்விட்டதால் இதைப் பார்க்கவில்லை. மேட்டுக்கு வந்ததும் தாலம் பாதையை விட்டு விலகி ஒரு மக்காச்சோளக் காட்டுக்குள் புகுந்தான். வெளியே வந்தான், கொஞ்ச தூரம் ஓடினான், மறுபடி புகுந்தான். காட்டுக்காரி மண்வெட்டியோடு வந்துவிட்டாள். "ஏண்டா, எங்க மக்காச்சோளத்தைத் தின்னுட்டு எங்க காட்டுலயே திருப்பிக் குடுக்கறீங்களா?" தாலம் அன்றைக்கு ஓடிய வேகத்தை நீங்கள் கடிகாரத்தில் பிடித்திருந்தால் அவனை யாருக்கும் வேகம் பிடித்துக் கொடுக்க விட்டிருக்க மாட்டீர்கள்.

அதோடு விட்டானா? அடுத்த வாரம் கசாப்புக் கடையில் ஆட்டுக் கல்லீரல் கிடைக்கவில்லை என்று சித்தி சொன்னாரே, அதுவும் நான்தான்.

"கல்லீரல்ல ஸ்டாக் இருக்கும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"உன் கல்லீரல்லடா."

"ஆட்டுது மட்டும் என்ன, அதுவும் இந்த மலையில ஏறி ஓடினதுதானே?"



இந்த வகுப்புகளுக்கெல்லாம் செருடோ வந்தாள். கதவுக்குப் பக்கத்தில், கடைசிப் பலகையில், ஸ்வெட்டர் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவாள். நல்ல வெயிலில்கூட அவளுக்குக் குளிர்கிறது. நீங்கள் கவனித்திருப்பீர்களோ என்னவோ, சாப்பாட்டு வேளையில் கரண்டி எப்போதும் அவள் கையில்தான் இருக்கும். எல்லோருக்கும் களி வெட்டி வைப்பாள், கீரை ஊற்றுவாள், "உனக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டா" என்று கேட்டுக்கேட்டு வைப்பாள். பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்று யாரும் பார்ப்பதில்லை. பாத்திரம் காலியானதும் அதைக் கழுவ எடுத்துப் போய்விடுவாள். சின்ன வயதில் என் தட்டிலிருந்து உருளைக்கிழங்கைத் திருடித் தின்றுவிட்டு "நான் இல்ல, கோழி" என்று சொன்ன அதே செருடோதான்.

மூன்றாவது வகுப்பு முழுக்க முழுக்க அவளுக்காகத் தயாரித்தது. அடிப்படை வளர்சிதை மாற்றம். பெயர் பெரிது, விஷயம் சின்னது. நாம் சும்மா படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்கவும், மூச்சு விடவும், உடம்பு சூடாக இருக்கவும், எலும்பு புதுசாகவும் சக்தி செலவாகிறது. ஓட்டத்துக்கு ஆகும் செலவு இதற்கு மேலே தனி. சாப்பிடுவது குறைந்தால் உடம்பு காலுக்கு முதலில் கொடுத்துவிட்டு வீட்டுச் செலவைக் குறைக்கும். விறகு குறைவான வீட்டில் ஒவ்வொரு அறையாக அடுப்பை அணைப்பது போல, என்றேன். நான் இவ்வளவு நீளமாக யார் முன்னாலும் பேசியதில்லை. பேசிவிட்டு முதல்முறையாகச் சுவரை விட்டுக் கதவுப் பக்கம் பார்த்தேன். செருடோ பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

தாலம் கையைத் தூக்கினான். "அப்ப படுத்துக்கிட்டே இளைக்கலாமாக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பிறகு பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அந்த வீட்டுச் செலவு இருக்குல்லக்கா, அதை இன்னும் குறைக்க முடியுமா?"

என் கையில் இருந்த தட்டு விழுந்துவிட்டது. தகரத் தட்டுதான், உடையவில்லை.

போன வருடம் ஓட்டக்காரர்களைப் போட்டிகளுக்கு அழைத்துப் போகும் அந்த ஏஜெண்ட் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, அவளைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார், உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் சிரித்துக்கொண்டே அவளுக்குச் சொன்னீர்கள்: "ரெண்டு கிலோ கம்மியா இருந்தா ஐரோப்பாவுக்கே கூட்டிட்டுப் போயிடுவாராம்." நீங்கள் மொழிபெயர்த்தது மட்டும்தான், எனக்குத் தெரியும். அவளுக்கு அது உங்கள் குரலில் கேட்டது. வருகிற சனிக்கிழமை நைரோபியில் நடக்கும் தேர்வு ஓட்டத்துக்கு அதே மனிதர் வருகிறார் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து அவள் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. நம் ஊரில் ஒரு பெண் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னால் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும் என்பது என் படிப்பு இல்லாமலே தெரியவேண்டியது.

மறுபடி வழி தவறிவிட்டேன். சும்பா.

நீங்கள் நைரோபிக் கூட்டத்துக்குப் போயிருந்த வாரம் நாலாவது வகுப்பு. வேகமாக ஓடும்போது, மாவுச்சத்து அவசரமாக உடைவதால் தசையில் லாக்டிக் அமிலம் தோன்றுகிறது என்று சொன்னேன். இவர்களுக்குப் பழக்கமான ஒன்றைக் காட்டிச் சொல்லவேண்டும் என்று எங்கள் பேராசிரியை எப்போதும் சொல்வார். ஆகவே, நாம் குடிக்கிற புளித்த பால், நம் முர்சிக், அதில் இருக்கிற புளிப்பும் இதே அமிலம்தான் என்றேன். கரி தடவிய சுரைக்குடுக்கையில் பால் புளிக்கும்போது உண்டாவதும் ஓடும் காலில் உண்டாவதும் ஒரே குடும்பம். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் வாழ்க்கையில் யாரும் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. அடுத்த வாக்கியமாக நான் சொல்லவிருந்தது, ஆனால் அது விஷம் இல்லை, உடம்பு அதையே திரும்ப எரிபொருளாக எரித்துக்கொள்ளும், குடிக்கிற பால் வயிற்றுக்குத்தான் போகும், காலுக்குப் போகாது என்பது. அதற்குள் டீ வந்துவிட்டது. நம் முகாமில் டீ வந்த பிறகு எந்த வாக்கியமும் உயிரோடு இருந்ததில்லை. நான் பலகையைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் கூடத்தில் ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து ஒருவனும் முர்சிக் குடிக்கவில்லை. "பயிற்சி இருக்கு, காலு புளிச்சிடும்" என்றார்கள். குடுக்கைகள் அப்படியே நின்று பொங்கின. மூன்றாம் நாள் காலையில் தப்சுபெய் அத்தை, முகாமுக்கு முர்சிக் கொண்டுவந்து கொடுப்பாரே அவர், தலையில் குடுக்கைக் கூடையோடு வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"யாருடி அது, என் பாலு காலுக்கு ஆகாதுன்னு சொன்ன படிச்ச பொண்ணு?"

நான்தான் அத்தை என்று சொல்ல நினைத்தேன், சத்தம் வரவில்லை. தாலம் உதவியாக என்னைக் கை காட்டினான்.

"நீயா? உங்கப்பன் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே என் மாமியா குடுக்கையில குடிச்சவன்டி! காலேஜுக்குப் போய் நாலு வருஷம் சாப்பாட்டைப் பத்திப் படிச்சியாமே, சாப்பிடாதேன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"அப்படிச் சொல்லல அத்தை..."

"குடி."

ஒரு பெரிய குவளை நிறைய ஊற்றி நீட்டினார். குடித்தேன்.

"இப்ப ஓடு. சர்ச்சு வரைக்கும் போய்த் திரும்பி வா. காலு புளிக்குதா பாப்போம்."

சித்தப்பா, இந்த ஊரில் ஓடத் தெரியாத ஒரே ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும், கோபத்தில் மறந்துவிட்டார். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். முகாம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. உலகப் பதக்கம் வாங்கியவர்கள் கைதட்டினார்கள். பள்ளிக்கூடம் போகிற வாண்டுகள் என்னை முந்திக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி முந்தினார்கள். திரும்பி வந்து வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். "பாத்தீங்களாடா, பாலு ஒண்ணும் பண்ணல" என்றார் அத்தை. "அத்தை, அக்காவைப் பாருங்க, நல்லாப் புளிச்சிடுச்சு" என்றான் தாலம். அன்றைக்கு முர்சிக்கின் கதை முடிந்தது.

இதற்கிடையில் எவனோ என் பலகையைப் படமெடுத்து ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறான். மாரத்தானில் ஜெயித்துவிட்டு விமானத்துக்குக் காத்திருந்த சும்பா அதைப் படித்திருக்கிறார். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள், நான் கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்தேன். எல்டோரெட் விமான நிலைய வாசலில் பாட்டுக் குழுப் பெண்கள் குலவையிட, தலைவர் டையைச் சரிசெய்துகொள்ள, ஜெயித்து வந்தவனுக்கு முதலில் முர்சிக் ஊட்டும் வழக்கப்படி சும்பாவின் அம்மா மணி கோத்த குடுக்கையை இரண்டு கையாலும் தூக்கி மகன் உதட்டில் வைத்தார். மகன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அம்மா அழுத்தினார். மகன் தலையைப் பின்னால் இழுத்தார்.

"அம்மா, திங்கக்கிழமை பயிற்சி இருக்கும்மா."

"என்னடா பயிற்சி? ஜெயிச்சுட்டு வந்திருக்கே, குடிடா!"

"காலு புளிச்சிடும்மா. ஜெசாங் பலகையில எழுதியிருக்கா."

குலவை பாதியில் நின்றது. என் பெயரை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கேட்டது பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான். அந்த அம்மா குடுக்கையை மெல்லக் கீழே இறக்கினார். நீங்கள் சட்டென்று முன்னால் வந்து குடுக்கையை வாங்கி, எல்லோரும் பார்க்க, ஒரே மூச்சில் குடித்தீர்கள். சட்டை முழுக்கப் பால். பின்வரிசையில் இருந்தவர்கள் ஜெயித்தது நீங்கள்தான் என்று நினைத்து மறுபடி குலவையிட்டார்கள். பிறகு சும்பாவின் காதில் நீங்கள் ஏதோ சொன்னீர்கள், அவர் வாயைத் திறந்தார். என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டாம். அடுத்தவர் அம்மாவின் மானத்துக்காக உங்கள் ஒரே நல்ல சட்டையைக் கொடுத்தீர்கள் என்பது மட்டும் எனக்குப் போதும். அந்தச் சட்டையைத் துவைத்து வேலியில் போட்டிருக்கிறேன், கறை போய்விட்டது, வாசனைதான் போகவில்லை.

அன்று மாலை சும்பா வீட்டு விருந்திலும் கரண்டி செருடோ கையில்தான் இருந்தது. விருந்து முடிந்து தண்ணீர்த் தொட்டியருகே அவளைப் பிடித்தேன்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேன்க்கா."

"எப்ப?"

"நீ பாக்காதப்ப."

"நான் பாக்கறப்ப ஒரு தடவை சாப்பிடேன்."

"நீ பாத்தா எண்ணுவே."

"எண்ண மாட்டேன்."

"உன் வாய் எண்ணாதுக்கா. கண்ணு எண்ணும்."

அவள் என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் தொட்டித் தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தன. "அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதே. தேர்வு முடியட்டும். அப்பா எனக்காக எத்தனை பேர்கிட்ட பேசியிருக்காருன்னு உனக்குத் தெரியும்ல? முடிஞ்சதும் ஒரு பானை களி திங்கறேன், போதுமா?" நான் பேசாமல் இருந்தால் எல்லோரும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள், அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

ஆக, சித்தப்பா, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். சும்பா வாயை மூடிக்கொண்டதற்கும், தாலம் காட்டுக்குள் போனதற்கும், கல்லீரல் தட்டுப்பாட்டுக்கும் நானே காரணம். சும்பாவின் அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அதாவது அவர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன், அவர் புரிந்துகொண்டு டீ கொடுத்தார். இன்றே கரும்பலகையை அழித்துவிடுகிறேன். இனி இந்த முகாமில் யாரிடமும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். எல்டோரெட்டில் உங்கள் சிநேகிதரின் உரக்கடையில் வேலை இருக்கிறது என்றீர்களே, நீங்கள் சொன்னால் திங்கட்கிழமையே போய்ச் சேருகிறேன். பயிரின் ஊட்டச்சத்து பற்றி நான் ஏதாவது தவறாகச் சொன்னாலும் மக்காச்சோளம் யாருக்கும் படமெடுத்து அனுப்பாது.

இந்த மழைக்காலம் உங்கள் முழங்காலை நோகடிக்காமல் கடந்துபோகட்டும். சித்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கறுப்புப் பசு சுகமாகக் கன்று போடட்டும். உங்கள் வீட்டு அடுப்பும் எங்கள் வீட்டு அடுப்பும் அணையாமல் இருக்கக் கடவுள் அருள்புரியட்டும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஜெசாங்

பி.கு.: மேலே எழுதியிருப்பதை எல்லாம் விட்டுவிடுங்கள் சித்தப்பா. பலகையை அழிக்க ஈரத்துணியோடு போனேன், அழிக்கவில்லை. உரக்கடைக்கும் போகமாட்டேன். இவ்வளவு தாள் நிறைய பாலையும் களியையும் எழுதியது, இனி எழுதப்போவதை எழுதாமல் இருப்பதற்காகத்தான். ஒரு பெண் தன் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ இதைப் பேசக்கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள், படித்ததாக என்னிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

செருடோவுக்கு மாதாமாதம் வரவேண்டியது கிறிஸ்துமஸுக்கு முன்பே நின்றுவிட்டது. சித்தியிடம் சொன்னேன். "நல்லா ஓடற பொண்ணுங்களுக்கு அப்படித்தாம்மா, அது நல்ல சகுனம்" என்றார். சித்தி மேல் தப்பில்லை, இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது சகுனம் இல்லை. சாப்பாடு போதாமல் உடம்பு அணைத்த முதல் அறை அது. அடுத்து அது எலும்பில் கை வைக்கும். போன வாரம் மேட்டில் அவள் பாதையோரம் உட்கார்ந்தபோது ஷூவில் கல் என்று சொன்னாள், நீங்கள் மலேரியாவாக இருக்கும் என்றீர்கள், பரிசோதனையில் ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில், ஒரே இடத்தில் விரல் வைத்தால் அவள் முகம் மாறுகிறது. அவள் தூங்கும்போது நான் தொட்டுப் பார்த்தேன், தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொண்டாள். அந்தக் காலோடு சனிக்கிழமை ஓடினால் எலும்பு விண்டு போகலாம். ஜெயித்தாலும் போகலாம்.

மற்ற பசங்களை ஒவ்வொரு காலையும் "நல்லாத் தூங்கினியா" என்று கேட்கிறீர்கள், மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று அவளிடம் மட்டும் கேட்பதில்லை. எனக்கு அது புரிகிறது. அவளுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை. ஓடினால்தான் உங்கள் கண்ணில் படுகிறோம் என்று நினைக்கிறாள். நான் ஓடாதே என்றால் கேட்கமாட்டாள், டாக்டர் சொன்னாலும் கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வெள்ளிக்கிழமை அவளை நைரோபிக்கு அழைத்துப் போகாதீர்கள். வியாழக்கிழமை எங்கள் இருவரையும் எல்டோரெட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். நீங்கள் உள்ளே வரவேண்டாம், எதையும் கேட்கவும் வேண்டாம், வண்டியிலேயே இருங்கள். உள்ளே பேசவேண்டியதை நான் பேசுகிறேன். நான் பேசுவேன் சித்தப்பா. போகும்போது அவளை முன்னால் உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வழியில் அவள் பசிக்கிறது என்று சொன்னால், எங்கே இருந்தாலும் சரி, வண்டியை நிறுத்துங்கள்.